த்ரில்லர் போட்டி நடத்துவோருக்கு: 'எதிர்பாராத திருப்பம்' கேட்பதை நிறுத்துங்கள்

த்ரில்லர் நாவல், குறுநாவல் போட்டிகளை அறிவிக்கும் இதழாசிரியர்களுக்கும், பதிப்பகத்தாருக்கும், இணையத்தொடர்களுக்குக் கதை தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும், இவற்றுக்கெல்லாம் நடுவராக உட்காரும் எழுத்தாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் அறிவிப்புகளில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை. 'விறுவிறுப்பான நடை, யாரும் எதிர்பாராத திருப்பம், அதிரவைக்கும் முடிவு.' சொல் எண்ணிக்கை மாறும், பரிசுத் தொகை மாறும், கடைசித் தேதி இரண்டு முறை நீட்டிக்கப்படும். இந்த வரி அப்படியே இருக்கும். இதைப் படித்துவிட்டு எழுத உட்காருகிறவர் முதலில் யோசிப்பது கடைசி அத்தியாயத்தை. யாரைக் கொலைகாரன் ஆக்கினால் நடுவர் திடுக்கிடுவார் என்று தேடித் தேடி, இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி வந்துபோன ஆம்புலன்ஸ் டிரைவரையோ, எங்கிருந்தோ முளைத்த இரட்டைச் சகோதரனையோ கொண்டுவந்து நிறுத்துகிறார். முந்தைய இருபது அத்தியாயங்கள் அந்த ஒரு நொடிக்குக் கப்பம் கட்டுகின்றன.

இப்படி வரும் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவது எங்கள் தொழில். எழுதுகிறவர்கள் மீது எங்களுக்குக் குறையில்லை. அவர்கள் கேட்டதைக் கொடுக்கிறார்கள். குறை, கேட்கும் விதத்தில் இருக்கிறது.

த்ரில்லருக்குள் பத்துப் பன்னிரண்டு வகைகள் உண்டு. துப்பாக்கி இருக்கிறதா, பேய் இருக்கிறதா, வக்கீல் இருக்கிறாரா என்பதை வைத்து அவை பிரிவதில்லை. எந்த விஷயம், எந்தப் பக்கத்தில், யாருக்குத் தெரிகிறது என்பதை வைத்துப் பிரிகின்றன. வாசகருக்கும் துப்பறிபவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அது ஒரு கதை. வாசகருக்கு முன்னதாகவே தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாமல் இருந்தால் வேறு கதை. சொல்பவரே மறைத்தால் மூன்றாவது. திருப்பம் என்ற ஒரே அளவுகோல், இவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் பொருந்தும். மற்றவற்றைக் கெடுக்கும்.

பழைய துப்பறியும் கதையிலிருந்தே தொடங்கலாம். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தமிழில் பரப்பியது இந்த வகையைத்தான். கதை தொடங்கும்போதே குற்றம் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் பின்னோக்கிப் போகும் வேலை. இதில் திருப்பத்துக்கு இடமுண்டு, ஆனால் நிபந்தனையோடு. 1928ல் துப்பறியும் கதை எழுதிய அமெரிக்கரான எஸ்.எஸ். வான் டைன் இந்த வகைக்கு இருபது விதிகள் எழுதினார். மறுவருடம் ஆங்கிலேயப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் தன் பங்குக்குப் பத்து விதிகள் எழுதினார். நாக்ஸின் முதல் விதி, குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பது. பத்தாவது விதி, வாசகரை முறையாகத் தயார்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது. ஏறக்குறைய நூறு வருடங்களாக அச்சில் இருக்கும் விதி. இருந்தும் இரட்டையர் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பத்தையும் வேதமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. சில விதிகள் அந்தக் காலத்துக் கிண்டல், ஒன்று இன்று படிக்கவே கூசும் இனவாதம். முதலும் பத்தும் மட்டும் நடுவர் மேஜையில் ஒட்டிவைக்கத் தக்கவை.

இந்த வகையில் மதிப்பெண் தரவேண்டியது தடயம் வைக்கும் கைத்திறனுக்கு. ஒரு மாதிரி பார்ப்போம். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் தூக்கில் தொங்குகிறார். மேஜையில் அவர் கையெழுத்திலேயே பொடிப் பொடியாக நாலு பக்கக் கடிதம், அன்றைய தேதியோடு. இன்ஸ்பெக்டர் சட்டைப் பையைச் சோதிக்கிறார்: '140 ரூபாய், கசங்கிய பஸ் டிக்கெட், மூக்குக்கண்ணாடிக் கடை ரசீது, ஒரு சீவல் பொட்டலம். "சாகப்போறவன் சீவல் வாங்குவானாய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர். ஏட்டு சிரிக்கவில்லை.' தடயம் ரசீது. அது பட்டியலின் கடைசியில் இருந்தால் கண்ணில் குத்தும், முதலில் இருந்தாலும் குத்தும். மூன்றாவதாக ஒளித்து, அடுத்த பொருளை வைத்து ஒரு பேச்சை உண்டாக்கியதும் வாசகர் சீவல் பின்னால் போய்விடுகிறார். சீவலும் பொய்த் தடயமில்லை, நியாயமான சந்தேகம்தான். அதனால்தான் அது வேலை செய்கிறது. நாற்பது பக்கம் தள்ளி, வேறு ஏதோ சண்டையைச் சொல்லும்போது மனைவி சொல்கிறாள்: "கண்ணாடி இல்லாட்டி அவருக்குப் பேப்பர் தலைப்பே தெரியாது சார், நான்தான் படிச்சுக் காட்டணும்." கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்தது என்பது ஒரு பாதி. கண்ணாடி இல்லாமல் எழுத முடியாது என்பது மறு பாதி. இரண்டும் வாசகர் கையில் இருக்கிறது, அவர் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். முடிவில் துப்பறிபவர் சேர்க்கும்போது வாசகர் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டும், எழுத்தாளரை அல்ல.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு மூன்று. ரசீது என்பதே கடைசி அத்தியாயத்தில்தான் முதல்முறை வருவது. இரண்டு பாதிகளும் ஒரே பக்கத்தில் வந்து, குழந்தைகூடச் சேர்த்துவிடுவது. மூன்றாவது, துப்பறிபவர் எதையோ பார்த்து 'மர்மமாகப் புன்னகைத்து' அதை வாசகரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது. மூன்றாவதைச் செய்யும் கைப்பிரதியை அந்தப் பக்கத்திலேயே மூடிவைக்கலாம்.

இதற்கு நேர் தலைகீழான வகை ஒன்று உண்டு. ஆங்கிலேய எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912ல் வெளியிட்ட கதைகளில், முதல் பாதியில் குற்றம் நடப்பதையே காட்டிவிட்டார். யார், ஏன், எப்படி எல்லாம் தெரியும். இரண்டாம் பாதி, அவன் எங்கே கோட்டைவிட்டான் என்பது. இந்த வகைக் கதையை உங்கள் நடுவர் 'கொலையாளி முதலிலேயே தெரிந்துவிடுகிறது' என்று எழுதித் தள்ளுபடி செய்கிறார். அது குறையில்லை, அந்த வகையின் அடித்தளமே அதுதான்.

சஸ்பென்ஸ் கதைக்கும் இதே கதி. மேஜைக்கடியில் வெடிகுண்டு இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் பதினைந்து நிமிடப் பதைப்பு, தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி என்று திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆட்கள் போட்டி அறிவிப்பில் பதினைந்து நொடியைத்தான் கேட்கிறார்கள். 'எதிர்பாராத' என்று கேட்டால் எழுதுகிறவர் ஆபத்தை மறைப்பார். ஆபத்தை மறைத்த இடத்தில் சஸ்பென்ஸ் இருக்காது.

போலீஸ் விசாரணைக் கதைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வருகிற பிரதிகளில் பாதி இவைதான், தகவல் பிழைகளும் இங்கேதான் அதிகம். இந்த வகையில் சுவாரசியமே நடைமுறை. நடைமுறை தப்பினால் கதை இல்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்), பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), பாரதிய சாக்‌ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அதற்குப் பின் நடந்த கொலைக்கு 302 கிடையாது, 103. கொலை முயற்சி 307 இல்லை, 109. மோசடிக்கு வாய் நிறையச் சொல்லிப் பழகிய 420 இன்று 318ன் நான்காம் உட்பிரிவு. குற்றம் அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுதான் போடுவார்கள். எனவே கதையில் குற்றம் நடந்த தேதியை எழுத்தாளர் முடிவு செய்தே ஆக வேண்டும். பேச்சில் போலீஸ்காரர்கள் இன்னும் '302 கேஸ்' என்றுதான் சொல்வார்கள், அது இருக்கட்டும். எஃப்.ஐ.ஆரில் வரக் கூடாது.

சந்தேக மரணம் என்றால் எடுத்த எடுப்பிலேயே கொலை வழக்கு பதிவாகாது. நடைமுறைச் சட்டத்தின் பழைய 174, இன்றைய 194ன் கீழ் பதிவு செய்து, பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி, உடலை ஒரு காவலருடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். திருமணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்திருந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை. காவலில் மரணம் என்றால் மாஜிஸ்திரேட். பிரேதப் பரிசோதனையில் கழுத்து நெரிக்கப்பட்டது தெரிந்தால் பிரிவை மாற்றி அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கதையின் பெரிய திருப்புமுனை அந்த ஒரு தாள். எந்தப் பிரதியிலும் அது வந்ததில்லை, எல்லாரும் 'இது தற்கொலை இல்ல, மர்டர்' என்ற வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தாளை எழுதவிடாமல் யார் தடுக்கிறார்கள், ஏன் மூன்று நாள் தாமதமாகிறது என்று எழுதினால் அத்தியாயம் தானாக நகரும். அதேபோல எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவானது, எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது என்ற இடைவெளி. வழக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துத் தொங்குவது அந்த இடைவெளியில்தான்.

நள்ளிரவு, மினுக்கும் டியூப்லைட், மேஜையில் கொலையுண்ட உடல், டாக்டர் கத்தியை எடுக்கிறார். இந்தக் காட்சி இல்லாத பிரதி அபூர்வம். சூரியன் மறைந்த பின்னும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது உண்மை. அதிலேயே கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு விலக்கும் உண்டு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய. ஆக, இரவில் அறுக்க வேண்டுமென்றால் ஊரில் கலவரச் சூழல் இருக்க வேண்டும். அதையே கதைக்குப் பயன்படுத்தலாமே.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் நீங்கலாக. இது எல்லோருக்கும் தெரியும். 90 நாள் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டுப் பெறுவது அவர் உரிமை ஆகிவிடும். குறைந்த தண்டனைக் குற்றங்களுக்கு அது 60 நாள். போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான், ஆனால் புதிய சட்டத்தில் அதைப் பிரித்துப் பிரித்து, 90 நாள் வழக்கில் முதல் 60 நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம். வெடிகுண்டில் சிவப்பு எண்கள் குறைவதைவிட இது நல்ல கடிகாரம். எண்பத்தேழாம் நாள் தடயவியல் அறிக்கை இன்னும் வரவில்லை என்றால் இன்ஸ்பெக்டருக்கு வியர்க்கும். வாசகருக்கும் வியர்க்கும்.

முடிவுக் காட்சியில் வில்லன் ஸ்டேஷனில் உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதும், இன்ஸ்பெக்டர் ரெக்கார்டரை அணைத்துப் புன்னகைப்பதும் சட்டப்படி ஒன்றுமில்லாதது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதில் ஒரு பகுதி மட்டும் செல்லும்: அவன் சொன்னதால் கண்டெடுக்கப்பட்ட பொருளோடு தொடர்புடைய பகுதி. 'அரிவாளை இந்தக் கிணற்றில் போட்டேன்' என்று சொல்லி, அரிவாள் கிடைத்தால், அந்த அளவுக்கு. ஆகவே வாக்குமூலத்தில் முடியும் கதை முடியவில்லை. கிணறு இறைக்கும் காட்சியில்தான் முடிகிறது. மாஜிஸ்திரேட் முன் நடைமுறைச் சட்டத்தின் 183ன் கீழ் கொடுத்தால் கதை வேறு. ஆனால் அங்கே அவனுக்கு யோசிக்க அவகாசம் தருவார்கள், பேச வேண்டிய கட்டாயமில்லை என்று சொல்வார்கள், அவன் மனம் மாறலாம். மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ பரிசோதனைக்கும் இதே கதை. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: சம்மதமில்லாமல் நடத்தக் கூடாது.

சி.பி.ஐ. அதிகாரி கறுப்புக் கண்ணாடியோடு மதுரையில் வந்திறங்கி வழக்கைக் கையில் எடுத்துக்கொள்வதையும் கொஞ்சம் கவனியுங்கள். 1946ன் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தின்படி மாநில அரசின் இசைவு வேண்டும். தமிழ்நாடு தன் பொது இசைவை 2023 ஜூனில் திரும்பப் பெற்றுவிட்டது. வழக்குக்கு வழக்கு இசைவு தர வேண்டும், இல்லாவிட்டால் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட வேண்டும். சி.பி.சி.ஐ.டி. என்பது மாநிலப் போலீஸின் பிரிவு. இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதிய பிரதிகளே அதிகம். உளவுக் கதைகளிலும் இதே குழப்பம்: 1968ல் தொடங்கிய 'ரா' வெளிநாட்டு உளவுக்கானது, கைது செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. உளவுக் கதையின் சாரமே நம் பக்கத்து ஆள் யாருக்கு வேலை செய்கிறான் என்ற சந்தேகம். நம் பிரதிகளில் அதற்குப் பதிலாக மெரினாவில் படகு துரத்தல்தான் வருகிறது.

நீதிமன்றக் கதையா? இந்திய நீதிபதி மேஜையில் மரச் சுத்தியல் கிடையாது, ஜூரியும் கிடையாது. கதாநாயகி கடைசி நிமிடத்தில் ஓடிவந்து செல்போன் வீடியோவை நீட்டினால் நீதிபதி அதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிட மாட்டார். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ன் கீழ் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பு வேண்டும், நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதியும் தனியே உண்டு. அந்தச் சான்றிதழ் சரியில்லை என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும் இடம்தான் இந்த வகையின் உச்சக்காட்சி.

மருத்துவத் தடயங்களில் நடக்கும் பெரிய பிழை, குளிர்நாட்டுக் கதைகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வது. அங்கே உடல் மணிக்கு இவ்வளவு டிகிரி குளிர்ந்தது என்று கணக்குப் போட்டு இறந்த நேரத்தைச் சொல்வார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் சென்னையில் மூடிய அறைக்குள் 35, 36 டிகிரி இருக்கும். உயிருள்ள உடலின் வெப்பமே 37தான். குளிர்வதற்கு எங்கே இடம்? இங்கே டாக்டர் பார்ப்பது வேறு. விறைப்பு வெயில் காலத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும், குளிர்காலத்தைவிடச் சீக்கிரம் விட்டும் போகும். ஒரு நாளுக்குள் வலப்பக்க அடிவயிற்றில் பச்சை நிறம் தெரியத் தொடங்கும். கீழ்ப்பக்கம் இரத்தம் தேங்கி உண்டாகும் கறை 6லிருந்து 12 மணி நேரத்துக்குள் நிலைபெறும். மல்லாந்து கிடக்கும் உடலின் மார்பில் அந்தக் கறை இருந்தால் யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று பொருள். துப்பறியும் கதைக்கு இது அருமையான தடயம், ஆனால் மரண நேரத்தை 'இரவு 11.20' என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். சில மணி நேர இடைவெளியாகத்தான் சொல்வார். அந்த இடைவெளிக்குள்தான் எல்லோருடைய அலிபியும் (அப்போது வேறிடத்தில் இருந்தேன் என்ற சான்றும்) ஆட வேண்டும்.

விஷம் என்றால் உள்ளுறுப்புகளைக் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு அன்று சாயங்காலமே வராது. வாரக்கணக்கில், பல சமயம் மாதக்கணக்கில் ஆகும். குளோரோஃபார்ம் கைக்குட்டையை முகத்தில் வைத்த மறுநொடி மயங்குவது நடக்காது, நிமிடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ரிவால்வரில் சைலன்சர் மாட்டுவதும் வீண்வேலை. உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் வாயு வெளியேறிச் சத்தம் கேட்டுவிடும், ஓரிரு விதிவிலக்கான மாடல்கள் தவிர.

சைபர் கதைகளில் 'இன்னும் முப்பது செகண்ட் பேச வைங்க, டிரேஸ் பண்ணிடலாம்' என்ற வசனம் இன்னும் சாகவில்லை. அது இணைப்பின் தடத்தை ஆட்கள் தேடிப் பார்த்த பழைய இயந்திரத் தொலைபேசி நிலையங்களின் காலம். இன்று அழைப்பு இணைந்த கணமே பதிவாகிவிடும். கஷ்டம் அதற்கப்புறம்: அழைப்பு விவரப் பட்டியலை எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி கேட்டு வாங்க வேண்டும். ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலரின் அனுமதி வேண்டும். செல்போன் கோபுரம் காட்டுவது ஒரு பகுதியை. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர். 'மூன்றாவது மாடி, இடப்பக்க அறை' என்று அது சொல்லாது. இணைய இணைப்புக்கு முகவரியாக இருக்கும் ஐ.பி. எண்ணும் அப்படித்தான். மொபைல் இணையத்தில் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் பகிர்கிறார்கள், எனவே நொடி சுத்தமான நேரமும், இணைப்பைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் இல்லாமல் ஆளைப் பிடிக்க முடியாது. இந்தத் தடைகளெல்லாம் கதைக்கு எதிரிகள் என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். தடை இல்லாத இடத்தில் த்ரில்லர் எப்படி ஓடும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

வரலாற்று த்ரில்லருக்குத் தேதி ஒரு கண்ணிவெடி. விரல்ரேகைப் பணியகம் கல்கத்தாவில் 1897ல்தான் தொடங்கியது, ஆகவே 1880ல் மதராஸ் போலீஸ் விரல்ரேகை பொருத்திப் பார்க்க முடியாது. இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை கடைசியில். மதராஸ் சென்னையானது 1996ல். தந்தி 2013 ஜூலை வரை இருந்தது, 2005ல் நடக்கும் கதையில்கூட ஒரு தந்தி வரலாம்.

உளவியல் த்ரில்லருக்கு வருவோம். இப்போது எல்லோரும் இதைத்தான் எழுத விரும்புகிறார்கள், செய்யக் கடினமானதும் இதுதான். 'நான்' என்று கதை சொல்பவர் மறைக்கலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம், பிறரிடம் பொய் சொல்லலாம். படர்க்கையில் எழுதும்போது ஆசிரியரே பொய் சொல்லக் கூடாது. 'கதவைத் திறந்து பிணத்தைப் பார்த்ததும் ரகு அதிர்ந்தான்' என்று எழுதிவிட்டுக் கடைசியில் ரகுதான் கொலைகாரன் என்றால் அது திருப்பமில்லை, மோசடி. 'ரகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்' என்று எழுதியிருந்தால் இரண்டு வாசிப்புக்கும் பொருந்தும். நடுவர்கள் செய்ய வேண்டிய சோதனையும் இதுவே: முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். ஒரு வரி பொய்யானாலும் மதிப்பெண்ணைக் குறையுங்கள். மனநோயைத் திருப்பமாக வைக்கும் பிரதிகளை இன்னும் கறாராகப் பாருங்கள். மனச்சிதைவில் குரல்கள் கேட்பதுதான் அதிகம், ஒரு முழு மனிதர் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பதாகத் தெரிவது அரிது. நோய் இருந்ததாலேயே ஒருவர் தண்டனையிலிருந்து தப்பிவிடுவதும் இல்லை. செய்யும் கணத்தில் செயலின் தன்மையோ அது தவறென்பதோ தெரியாத நிலையில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும்.

அமானுஷ்யக் கதையில் பேய் உண்டா இல்லையா என்பதைக் கடைசி வரை ஊசலாட விடலாம். முதல் மூன்று பங்கு பேய், கடைசிப் பங்கில் 'எல்லாம் ரியல் எஸ்டேட்காரன் செய்த வேலை' என்று விளக்குவதும் செல்லும், ஒவ்வொரு ஆவி வேலைக்கும் கணக்குக் கொடுத்தால். பதினொன்றுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டாவதை 'ஆனால் அந்தக் கொலுசுச் சத்தம்?' என்று விடுவது அலுத்துப்போன வித்தை.

இனி அளவு. 3,000 சொல் சிறுகதையில் சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேருக்கு மேல் தாங்காது. 25,000 சொல் குறுநாவலில் ஐந்து, மிஞ்சினால் ஆறு. நீங்கள் 1,500 சொல்லில் துப்பறியும் கதை கேட்கிறீர்கள். அந்த நீளத்தில் தடயத்தை வைக்கவும், மறக்கவைக்கவும், திரும்ப எடுக்கவும் இடமில்லை. 1,500 சொல்லுக்கு சஸ்பென்ஸ் பொருந்தும்: ஓர் ஆள், ஓர் அறை, ஓர் ஆபத்து. தொடர்கதையாக வெளியிடப் போகிறீர்களானால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். வாரா வாரம் கொக்கி போட்டு எழுதிய பிரதியைப் புத்தகமாகப் படித்தால், ஒவ்வொரு எட்டாம் பக்கத்திலும் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், திறந்தால் பால்காரர்.

எங்கள் கோரிக்கைகள் பெரிய செலவு வைப்பவை அல்ல. அறிவிப்பில் வகையைக் கேளுங்கள். எழுதுகிறவர் தன் கதை எந்த வகை என்று முதல் தாளில் ஒரு வரியில் குறிப்பிடட்டும், நடுவர் அந்த வகைக்குரிய அளவுகோலை எடுக்கட்டும். இப்போதுள்ள மதிப்பெண் தாளில் 'திருப்பம் 25, விறுவிறுப்பு 25, நடை 25, முடிவு 25' என்றிருந்தால், திருப்பத்தையும் முடிவையும் நீக்கிவிட்டு அந்த ஐம்பதில் முப்பதைத் 'தகவல் வெளிப்படும் வரிசை'க்கும் இருபதை 'நடைமுறைத் துல்லிய'த்துக்கும் கொடுங்கள். கதைச்சுருக்கத்தில் கொலையாளி யார் என்பதை மறைத்து அனுப்பச் சொல்லாதீர்கள். மறைத்த சுருக்கத்தை வைத்துக் கட்டமைப்பை எடைபோட முடியாது. இணையத்தொடர்க் குழுவினருக்கு இது இன்னும் பொருந்தும். நீங்கள் பத்துப் பக்கச் சுருக்கத்தை வைத்துத்தான் எட்டு எபிசோடுக்குப் பணம் ஒதுக்குகிறீர்கள்.

இறுதிச் சுற்றுக்கு வரும் பத்துப் பிரதிகளை ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர், குற்றவியல் வக்கீல் ஒருவர், தடயவியல் மருத்துவம் படித்த டாக்டர் ஒருவர் ஆகிய மூவரிடம் கொடுங்கள். கதை நன்றாயிருக்கிறதா என்று அவர்களிடம் கேட்க வேண்டாம், பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டால் போதும். அதற்கு உரிய சன்மானம் கொடுங்கள், சால்வையோடு நிறுத்திவிடாதீர்கள். வட்டமிட்ட பிரதியின் நகல், பரிசு பெறாத ஏழு பேருக்கும் போய்ச் சேரட்டும். அடுத்த போட்டிக்கு எழுதப்போவது அவர்கள்தான்.

இப்படிக்கு,
த்ரில்லர் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவோர் சிலர்